ஃபார்மட் அடிக்கும் முன்: புது ஓஎஸ்ஸுக்குக் கம்ப்யூட்டரைத் தயார் செய்வது எப்படி

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்தியதிலிருந்து எங்கள் குமரி மாவட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: இனி எந்த ஓஎஸ் (விண்டோஸ் போல கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போடுவது? எங்கள் வீட்டு லேப்டாப், மார்த்தாண்டத்தில் சித்தப்பா கடையின் டெஸ்க்டாப், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் என்று ஒவ்வொன்றாக என் கைக்கு வந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உயிரை வாங்கியது. ஓஎஸ் போடுவது அரைமணி, முக்கால் மணி நேர வேலைதான். அதற்கு முன்னால் செய்து வைக்க வேண்டியவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. கடைக்காரர் சொல்ல மாட்டார், வீடியோக்காரர் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று போய்விடுவார். அதனால் இந்தக் கட்டுரை இன்ஸ்டால் பட்டனை அழுத்துவதற்கு முன்பே நின்றுவிடும், அதற்கப்புறம் உள்ளது எளிது.

அவசரமாக இன்று ராத்திரியே முடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் 2, 3-ஆம் படிகளை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

1. எந்த ஓஎஸ் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்தால் புராசஸர், ரேம், பயாஸ் மோடு (மெஷின் எழும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸ் பழைய லெகசி வகையா, புதிய யுஇஎஃப்ஐ வகையா என்பது) எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். அதை அப்படியே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், பின்னால் பலமுறை தேவைப்படும்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், யுஇஎஃப்ஐ, செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் எழவிடும் வசதி), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்) எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை புராசஸரிலிருந்துதான் ஏற்றுக்கொள்ளும். ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்கு அடுத்த எண் 8, அது எட்டாம் தலைமுறை. ஐ3-6006 என்றால் ஆறு, அது தேறாது. மைக்ரோசாஃப்ட்டே ‘பிசி ஹெல்த் செக்’ என்று ஒரு இலவச செயலி தருகிறது, அதை ஓட்டினால் எது குறைகிறது என்று சொல்லிவிடும். அது ‘டிபிஎம் இல்லை’ என்று சொன்னால் உடனே மனம் தளர வேண்டாம். நிறைய டெஸ்க்டாப்களில் பயாஸுக்குள் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், இன்டெல்லில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். ஆன் செய்தால் போதும்.

4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 ஏறும், ஆனால் வேலை பார்க்க விடாது. 8 ஜிபி இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. தகுதி இல்லாத மெஷினிலும் சோதனைகளைத் தாண்டி ஏற்றும் வழிகள் உண்டு, ஆனால் பிற்பாடு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. விளையாட்டுக்கு வைத்திருக்கும் மெஷினில் செய்து பாருங்கள், கணக்கு வழக்கு இருக்கும் மெஷினில் நான் செய்ய மாட்டேன்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் என்றால் புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் 22-ஐத்தான் சொல்வேன். 2029 வரை அப்டேட் உண்டு, பைசா கிடையாது, விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. 4 ஜிபி ரேம் என்றால் அதில் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் லினக்ஸ் சரிவராது, இதைச் சொல்லாமல் ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. கணக்கு மென்பொருளான டேலி லினக்ஸுக்கு வெளிவரவில்லை. இ-சேவை மையம் நடத்துபவர்களின் கைரேகைக் கருவிகள் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே ஓடுகின்றன. பேஜ்மேக்கர், போட்டோஷாப்பில் நோட்டீஸ் அடிப்பவர்களும் அப்படித்தான். இவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். இப்போதைக்கு மெஷின் மாற்றக் காசில்லை என்றால், விண்டோஸ் 10-க்கே நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. அப்டேட் செட்டிங்ஸ் பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு சேர்ந்துகொள்ளலாம். அதுவரை பணம் சேர்க்க நேரம் கிடைக்கும்.

2. பேக்கப்: இரண்டு இடத்தில், அதுவும் இரண்டு வேறு பொருளில்

டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன் என்பது பேக்கப் ஆகாது. சி டிரைவும் டி டிரைவும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான், இன்ஸ்டால் செய்யும்போது ஒரு தவறான தேர்வில் இரண்டும் போய்விடும். ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று வேறு கம்ப்யூட்டரிலோ கூகுள் டிரைவிலோ இருக்கட்டும். கூகுளில் 15 ஜிபி வரை இலவசம், அதற்குள் முக்கியமான ஆவணங்கள் தாராளமாக அடங்கும். போட்டோ, வீடியோதான் இடத்தைத் தின்னும், அதற்கு வெளி டிஸ்க்.

எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் என்று நாலு போல்டரோடு நிறுத்திவிடுகிறார்கள். விடுபடுவது வேறு. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார், அவருடைய பாஸ்போர்ட் ஸ்கேன், அட்டெஸ்ட் செய்த சான்றிதழ்கள், பழைய விசா, ஒப்பந்தம் எல்லாம் ஏதோ ஒரு மெயிலைத் திறந்தபோது இறங்கி டவுன்லோட்ஸில் ‘ஸ்கேன்0012’ என்ற பெயரில் கிடக்கும். அதைத் தேடி எடுத்துப் பெயர் மாற்றித் தனி போல்டரில் போடுங்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, ஜாதிச் சான்று, மார்க் ஷீட் ஆகியவற்றின் ஸ்கேனும் அப்படியே.

அடுத்தது எழுத்துரு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எந்த வழிகாட்டியிலும் இது இருப்பதில்லை. சர்ச் திருவிழா நோட்டீஸ், கோவில் கொடை நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், சங்கத்தின் ஆண்டறிக்கை என்று பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் அடித்தவை எல்லாம் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும். அவை எல்லா மெஷினிலும் படிக்க முடிகிற பொதுக் குறியீடான யூனிகோட் அல்ல. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் குப்பையாகத் தெரியும், ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. அதனால் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் போல்டரை முழுதாக நகலெடுத்து வையுங்கள். களியக்காவிளைப் பக்கம் மலையாளத்திலும் டைப் செய்பவர்கள் அந்த எழுத்துருக்களும் அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டும் புக்மார்க்கும் தனியாக ஏற்றுமதி செய்யப்பட வேண்டும், இரண்டுக்கும் செட்டிங்ஸில் வழி இருக்கிறது. பாஸ்வேர்டு ஃபைலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், அதனால் வேலை முடிந்ததும் அதை அழித்துவிடுங்கள். டேலிக்கு அதற்குள்ளேயே பேக்கப் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். அவுட்லுக்கில் மெயில் பார்ப்பவர்கள் மெயில்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி ஃபைலைத் தேடி எடுக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் ஒரு பெரிய பொறி. டெஸ்க்டாப்பில் ஃபைல் இருப்பதுபோலவே தெரியும், பக்கத்தில் சின்னதாக மேகப் படம் இருந்தால் அது உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. நெட் இல்லாத நேரத்தில் நகலெடுத்தால் அது வராது. அந்த போல்டரில் ரைட் கிளிக் செய்து, எப்போதும் இந்த மெஷினில் வைத்திரு என்பதைத் தேர்ந்தெடுத்து, மேகங்கள் எல்லாம் பச்சை டிக்காக மாறும்வரை காத்திருந்து பிறகு நகலெடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் சொருகி, ஒவ்வொரு போல்டரிலிருந்தும் ஏதாவது ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள். ஃபைல் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். இதைச் செய்யாத பேக்கப்பை நான் பேக்கப் என்றே சொல்ல மாட்டேன்.

3. கீ, லைசன்ஸ், ஓடிபி

செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் (டிஸ்க்கில் உள்ளதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘நான் ஆன் செய்யவே இல்லையே’ என்பீர்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த பல புது லேப்டாப்களில் அது தானாகவே ஆன் ஆகிவிடும். அப்படி இருக்கும்போது பயாஸில் செக்யூர் பூட்டைத் தொட்டால் அடுத்தமுறை நீலத்திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் தளத்தில் இருக்கும், முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். கீ கிடைக்கவில்லை என்றால் எந்தக் கடையாலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது.

இங்கேதான் நம்மூர்ச் சிக்கல். லேப்டாப் வாங்கிக் கொடுத்தவர் துபாயிலோ குவைத்திலோ இருக்கும் அண்ணன், கணக்கு அவர் பெயரில், ஓடிபி போவதும் அவர் நம்பருக்கு. நீங்கள் காலை 8 மணிக்கு உட்கார்ந்தால் அங்கே துபாயில் ஆறரை, குவைத்தில் ஐந்தரை. அவர் டியூட்டியில் போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே போயிருந்தால் மாலை வரை கையைப் பிசைந்துகொண்டு இருக்க வேண்டியதுதான். அவருக்கு விடுமுறை இருக்கும் நாளில் முன்கூட்டியே பேசி, உங்கள் நம்பரையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

டேலி வைத்திருப்பவர்கள் ஃபார்மட் அடிக்கும் முன் லைசன்ஸை சரண்டர் செய்ய வேண்டும், அந்த ஆப்ஷன் டேலிக்குள்ளேயே இருக்கிறது. செய்யாமல் அழித்தால் புது ஓஎஸ்ஸில் ஆக்டிவேட் செய்யும்போது தகராறு வரும், அதுவும் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாளில்தான் இது தெரியவரும், சவம்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (யுஎஸ்பியில் சொருகும் சின்னக் கருவி) வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். சான்றிதழ் டோக்கனுக்குள் இருக்கிறது, ஃபார்மட்டால் அது போகாது. டிரைவரை மட்டும் இறக்கி வையுங்கள், டோக்கனின் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று பாருங்கள். புது மெஷினில் யாராவது ‘டோக்கனை இனிஷியலைஸ் செய்யவா’ என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அதில்தான் சான்றிதழ் அழியும்.

விண்டோஸ் கீயைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் லைசன்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது, அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். எம்எஸ் ஆபீஸ் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா

டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ செயலி இலவசம். திறந்ததும் நீலத்தில் ‘குட்’ என்று வந்தால் சரி. மஞ்சளில் ‘காஷன்’ வந்தால் அந்த டிஸ்க்கில் புது ஓஎஸ் போடுவது வெட்டிவேலை. அப்படி இருந்தால் முதலில் பேக்கப்பை முடியுங்கள், அதுவரை வேறெதையும் ஓட்டாதீர்கள்.

சுற்றும் ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் என்றால் ஓஎஸ்ஸை மாற்றும் அதே நேரத்தில் எஸ்எஸ்டியும் (சுற்றாத, வேகமான டிஸ்க்) மாற்றிவிடுங்கள். 256 ஜிபி போதும், ஆனால் விலை அண்மையில் ஏறி நிற்கிறது, முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி வைத்துவிட்டால் அதுவே மூன்றாவது பேக்கப்பும் ஆகும். பழைய மெஷினை வேகமாக்க எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை.

5. பென்டிரைவ் தயாரிப்பு

புது ஓஎஸ்ஸை ஏற்றப் போவது இதிலிருந்துதான். மின்ட்டுக்கு 8 ஜிபி போதும், ஆனாலும் 16 வாங்குங்கள், 400 ரூபாயை ஒட்டி வரும். உள்ளே இருப்பது முழுதும் அழியும். மின்ட் ஐஎஸ்ஓ (ஓஎஸ் முழுதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) ஏறத்தாழ 3 ஜிபி, விண்டோஸ் 11 அதைவிட இரு மடங்குக்கும் மேல். போன் டேட்டாவில் இறக்குபவர்கள் கவனிக்க: ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி பிளானில் பாதியில் வேகம் விழுந்துவிடும். டாரன்ட் முறையில் (ஃபைலைத் துண்டு துண்டாக இறக்குவது) இறக்கினால் நின்ற இடத்திலிருந்து மறுநாள் தொடரும், மின்ட்டுக்கு அந்த வசதி அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. இல்லையென்றால் ஃபைபர் நெட் உள்ள ஒரு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

மூலத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். யாரோ டெலிகிராமில் கொடுத்த ‘ஆக்டிவேட் செய்த விண்டோஸ்’ வேண்டவே வேண்டாம், அதே மெஷினில்தானே நீங்கள் நெட் பேங்கிங் செய்யப் போகிறீர்கள்.

இறக்கிய ஃபைல் சரியாக வந்ததா என்று பார்க்க 7-ஜிப் போட்டு, ஐஎஸ்ஓ மேல் ரைட் கிளிக் செய்து எஸ்எச்ஏ-256 எண்ணை (ஃபைலின் கைரேகை போன்றது) எடுத்துத் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி இறக்க வேண்டும். நெட் விட்டுவிட்டு வரும் இடங்களில் இந்த ஒரு நிமிடம் பெரிய தலைவலியைத் தவிர்க்கும். பிறகு ரூஃபஸ் என்ற இலவச செயலியில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்துப் பென்டிரைவில் எழுதுங்கள். அதில் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் அறை) வகையைக் கேட்கும்: பயாஸ் மோடு யுஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி, லெகசி என்றால் எம்பிஆர், முதல் படியில் எடுத்த படத்தைப் பாருங்கள். ஐஎஸ்ஓவை வெறுமனே பென்டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது.

வைஃபை டிரைவரையும் லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் வைஃபை வராவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் ஆன் செய்தால் நெட் வந்துவிடும்.

6. பயாஸும் ஒத்திகையும்

முதலில் விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பை அணையுங்கள். இது ஆனில் இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதி தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிஸ்க்கில் எழுத முடியாது.

பென்டிரைவிலிருந்து எழுப்ப, மெஷினை ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய பூட் மெனு விசை: டெல், லெனோவோ எஃப்12, எச்பி எஃப்9, ஏசஸ் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் முதலில் எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை ஆன் செய்ய வேண்டியிருக்கும். பென்டிரைவ் பட்டியலில் வரவில்லை என்றால் வேறு போர்ட்டில் சொருகிப் பாருங்கள், குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் இருக்கும் வீடுகளில் உப்புக்காற்றில் போர்ட் துருப்பிடித்துத் தொடர்பு விட்டுப்போவது சாதாரணம்.

லினக்ஸ் என்றால் இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், ஒரு முழு மாலை இதற்கு ஒதுக்குங்கள். வைஃபை, சத்தம், டச்பேட், கேமரா, வெளிச்சம் கூட்டுவது குறைப்பது எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். முக்கியமாக பிரிண்டர். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் மறுபேச்சில்லாமல் வேலை செய்யும். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் பாதியில் இருக்கும் கேனான் எல்பிபி2900 லினக்ஸில் படுத்தும் பாடு சொல்லி மாளாது, அதை நம்பிப் பிழைப்பவர்கள் யோசித்து இறங்குங்கள்.

சில இன்டெல் லேப்டாப்களில் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது, அல்லது ஆர்எஸ்டியை (டிஸ்க்கைக் கையாளும் இன்டெல்லின் தனி முறை) அணைக்கச் சொல்லும். பயாஸில் அதை ஏஎச்சிஐ என்ற பொது முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் சட்டென்று மாற்றாதீர்கள், விண்டோஸ் எழாமல் போகும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் எழும்படி வைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பி, பிறகு இயல்புக்குக் கொண்டுவாருங்கள்.

7. இரண்டு ஓஎஸ் வேண்டும் என்றால் இடம்

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலிருந்தே சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபியாவது காலியாக விடுங்கள். அந்தக் காலி இடத்துக்குப் பெயரோ டிரைவ் எழுத்தோ கொடுக்க வேண்டாம், அப்படியே விட்டால்தான் இன்ஸ்டாலர் எடுத்துக்கொள்ளும்.

பழைய அரசு லேப்டாப் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸ் வகையும் சேர்ந்தே வந்தது. ‘இதை யார் பயன்படுத்துகிறார்கள்’ என்று விண்டோஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனை அழித்தால் அடுத்தமுறை கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நிற்கும், ஏனென்றால் இரண்டையும் எழுப்பிவிடும் நிரலின் கோப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன. புது ஓஎஸ் பென்டிரைவ் கையில் தயாராக இருக்கும்போது மட்டும் அதைத் தொடுங்கள்.

8. கரன்ட்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குப் பக்கம், குலசேகரம், திருவட்டாறு, அருமனை வட்டாரத்தில் ரப்பர் கிளை கம்பியில் விழுந்தால் கரன்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மாலை இடி மழைக்கு முன்பாக, காலையிலேயே தொடங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு உங்கள் ஃபீடர் நிறுத்தப்படும் நாளைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்புக்கு பேட்டரி முழுச் சார்ஜ் இருந்தால் போதும். பேட்டரி செத்த லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் யுபிஎஸ் இல்லாமல் வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நம்புபவர்கள், அதன் பின்புறம் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மாறும் அந்த ஒரு கணத்தில் டெஸ்க்டாப் அணைந்து எழும். பார்ட்டிஷனைச் சுருக்கும் நேரத்திலும் பயாஸ் அப்டேட் நேரத்திலும் அது நடந்தால் விலை அதிகம்.

9. கடையில் கொடுப்பதாக இருந்தால்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் எங்கே கொடுத்தாலும் ஓஎஸ் போட 500 ரூபாயை ஒட்டிக் கேட்பார்கள், நியாயம்தான். பேக்கப் எடுப்பதற்குத் தனிக் கூலி, ஆனால் 2-ஆம் படியைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். எங்கள் உறவினர் ஒருவர் ‘டேட்டா வேண்டும்’ என்று வாயால் சொல்லிக் கொடுத்தார், கடையில் லேப்டாப்பை வாங்கி வைத்தவர் ஒருவர், வேலை செய்தவர் இன்னொருவர், வீட்டு விசேஷப் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. ரசீதில் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: எந்த ஓஎஸ்ஸின் எந்தப் பதிப்பு, டேட்டா அழிக்கலாமா கூடாதா, லைசன்ஸ் உள்ளதா இல்லையா. மூன்றாவதுக்கு ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்’ என்று பதில் வந்தால் உங்களுக்குத் திருட்டு விண்டோஸ் வரப்போகிறது என்று அர்த்தம், லைசன்ஸ் ஏற்கெனவே மதர்போர்டில் இருக்கும்போது அது தேவையே இல்லை என்று சொல்லுங்கள்.

எஸ்எஸ்டி மாற்றச் சொன்னால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்கிவிடுங்கள், ‘அது கேடு, வேண்டாம்’ என்றாலும் விடாதீர்கள். 300, 400 ரூபாய்க்கு யுஎஸ்பி கேபிள் ஒன்று கிடைக்கும், அதில் மாட்டினால் வெளி டிஸ்க் போலப் படிக்கலாம். புது ஓஎஸ்ஸில் ஆறு மாதம் ஓட்டி, தேடிய ஃபைல் எல்லாம் கிடைக்கிறது என்று உறுதியான பிறகு அதைத் துடைத்துக்கொள்ளலாம்.